ஃபேமிலி ரூம் மாடியில்

எங்கள் தெரு பஜாரில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு பிரியாணி ஓட்டல் இருக்கிறது. ஆம்பூரில் இப்படிச் சொன்னால் எந்த ஓட்டல் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இங்கே பாதித் தெருக்கள் பிரியாணி ஓட்டலில்தான் போய் முட்டுகின்றன. எங்கள் தெரு ஓட்டலில் அடுப்பு வாசலிலேயே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு விறகு பற்றவைப்பார்கள். பதினொன்றே முக்கால் வாக்கில் தேக்சா என்கிற பெரிய அண்டாவின் மூடியைத் திறப்பார்கள். அதைத் தம் உடைப்பது என்பார்கள். மூடிமேல் கொட்டிய தணலை ஒரு தகரத்தால் வழித்துத் தள்ளிவிட்டு, இரண்டு பேர் துணியால் மூடியைப் பிடித்துத் தூக்குவார்கள். ஆவி சாலையின் பாதிவரை வரும்.

உள்ளே பன்னிரண்டு மேசைகள். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். தோல் தொழிற்சாலை ஆட்கள், லாரிக்காரர்கள், ஷூ கம்பெனிகளுக்குப் பசையும் நூலும் சப்ளை செய்கிற ஏஜெண்டுகள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு குறுகலான படிக்கட்டு. அதன் பக்கத்துச் சுவரில் 'ஃபேமிலி ரூம் மாடியில்' என்று சிவப்பில் எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருக்கும்.

பெண்கள் கீழே உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பத்திரிகையில் வேலை செய்வதால் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, தேடிப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் தடுத்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. ஒரு பெண் வாசல்படியில் கால் வைத்தால் சர்வர் கையைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டி, "ஃபேமிலி மேல" என்பார். அவள் மேலே போவாள். நானும் போயிருக்கிறேன். தனியாகப் போன நாளிலும் என்னிடம் அதையேதான் சொன்னார்கள். நானும் ஏன் என்று கேட்காமல் ஏறிப்போய், ஆறு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்பா இருந்தவரை அவர் கீழே உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மாவுக்கும் எனக்கும் பார்சல் வாங்கி வருவார். அதில் யாருக்கும் குறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அம்மா ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற ஸ்டிட்சிங் செக்சன். அந்த லைனில் ஒரு வழக்கம். யாராவது ஓய்வு பெற்றால் அன்று மதியம் லைன் முழுக்கப் பிரியாணி. பார்சல் பன்னிரண்டு மணிக்கே கேட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டு பெல் அடிப்பது பன்னிரண்டே முக்காலுக்கு. அதுவரை பொட்டலங்கள் மெஷினுக்குப் பக்கத்தில், தோல் துண்டுகள் போடுகிற டப் ஒன்றில் அடுக்கியிருக்கும். எத்தனையோ பேர் ஓய்வு பெற்றபோது அம்மா அந்தப் பார்சலைச் சாப்பிட்டாள். கடைசியில் அவள் ஓய்வு பெற்ற நாளிலும் அதே டப், அதே பார்சல்.

அதற்கு அடுத்த வருஷம் வேலூரில் அவளுக்கு வலது முழங்கால் ஆபரேஷன் நடந்தது. நான் வேலை செய்யும் இடம் காட்பாடி. லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தேன். டிஸ்சார்ஜ் ஆகி வருகிற வழியில், காரில், சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஜூஸ், இளநீர் என்று சொல்வாள் என்ற எண்ணம்தான்.

"நம்ம தெருக்கோடி ஓட்டல்ல, அடுப்புக்குப் பக்கத்துல மொதல் மேசை இருக்குது இல்ல, அதுல உக்காந்து சாப்டணும்" என்றாள். "மூடி தெறக்கறப்ப."

"ஏம்மா?"

"கம்பெனி வேன் அங்கதான நிக்கும். முப்பது வருஷமா அடுப்பு பத்த வெக்கிறதப் பார்த்துட்டு வேன் ஏறினேன். மூடி தெறக்கறத ஒரு நாளும் பார்க்கல."

யோசித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது. வேலை நாட்களில் அந்த நேரத்துக்கு அவள் மெஷினில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச். சர்ச் முடிந்து வந்தால் வீட்டில் சமையல். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலியில் வீட்டோடு கிடந்தாள். ஓட்டல் எங்கள் வீட்டிலிருந்து நூறு அடி தூரம்.

*

இரண்டு மாதம் கழித்து, கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், ஒரு சனிக்கிழமை பதினொன்றரைக்கு அழைத்துப் போனேன். பாதி மேசைகள் நிரம்பியிருந்தன. சர்வர் ஐம்பது வயதுக்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி. எங்களைத் தெரிந்தவர்.

"வாங்கம்மா. ஃபேமிலி மேல."

"மாடி ஏற முடியாது பாய். முட்டி ஆபரேஷன்."

"அப்டீங்களா? அப்ப பார்சல் கட்டிடட்டா? சூடா இருக்கும்."

"பார்சல் வேணாம். இங்க உக்கார்றேன்."

சர்வர் கல்லாவைப் பார்த்தார். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்க ஒரே ஆம்பளைங்க கூட்டம், பேஜாரு. உங்களுக்கே கஷ்டமா இருக்கும். வீட்டுக்கு ஆள் விட்டு அனுப்பறேன். நூறடிதான, ஆறாது."

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் சொன்னேன்: "சரி பாய், பார்சலே அனுப்புங்க."

இதை எழுதும்போதும் அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மூன்று பேர் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள், நான் வழியை விட்டு நகர்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்த பொட்டலத்தை அம்மா பிரிக்கவில்லை.

"நீ வாங்கின. நீ சாப்டு" என்றாள். அவள் காலையில் மீந்த இட்லியைச் சாப்பிட்டாள்.

இரண்டாவது தடவை செய்த தவறு இதைவிடப் பெரியது. தொழில் புத்தியில் செய்தது அது. எதையும் முன்கூட்டிப் போனில் பேசி ஏற்பாடு செய்துவிட்டால் நடந்துவிடும் என்று நினைப்பவள் நான். முதலாளிக்குப் போன் செய்தேன். எந்தப் பத்திரிகை என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கால் முடியாது, வயதானவர், அவருடைய ரொம்ப நாள் ஆசை, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். "உங்க அம்மா எங்களுக்கும் அம்மாதான், கவலையே படாதீங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனபோது ஏற்பாடு தயாராக இருந்தது. முதல் மேசையில் இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைத் தனியாக இழுத்துப் போட்டு, மூன்று பக்கமும் பச்சைத் துணி மறைப்பு நிறுத்தியிருந்தார்கள். அது பிடிக்கவில்லையென்றால் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. படிக்கட்டின் அடியில் கை வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள்.

"ரெண்டு பேரும் பலசாலிங்க. அப்டியே அலாக்காத் தூக்கிட்டுப் போய்டுவாங்கம்மா" என்றார் சர்வர் பெருமையாக.

அம்மா மறைப்பைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போன் பண்ணியா?"

"ஆமாம்மா."

"இன்னா சொன்ன?"

"கால் முடியலன்னு..."

அவள் சர்வரிடம், "உங்களுக்கு சிரமம் குடுத்துட்டா என் பொண்ணு. மன்னிச்சிக்கோங்க பாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று சொன்னாள்: "தோல் மூட்டையத் தூக்கற மாதிரி தூக்கினு போவாங்களா என்னை? இல்ல, துணி கட்டி மறைச்சி சாப்டறதுக்கு நான் இன்னா திருடிட்டா வந்தேன்? இனிமே நீ பேசாத. கூட வர்றதுன்னா வா. வாயத் தெறக்காத. உன் பிரஸ் கார்டு, உன் பேப்பரு எல்லாத்தையும் வீட்ல வெச்சிட்டு வா."

*

மறுநாளிலிருந்து அவள் படி ஏற ஆரம்பித்தாள். எங்கள் மொட்டைமாடிக்குப் பதினாலு படிகள். பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிறவர் வாரத்துக்கு ஒரு படி கூட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார். அம்மா அதைத் தன் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். "டார்கெட்டு வெச்சாதான் வேலை நடக்கும். வாரத்துக்கு ரெண்டு." நல்ல காலை முதலில் மேலே வைக்க வேண்டும், இறங்கும்போது ஆபரேஷன் செய்த காலை முதலில் கீழே வைக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்கு வலித்தது. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவாள். சுவரின் சுண்ணாம்பு அந்த உயரத்தில் மட்டும் தேய்ந்துபோனது.

ஒரு நாள் போனில் கேட்டாள்: "அந்த ஓட்டல் படி எத்தினி இருக்கும்?"

அந்த வாரம் ஊருக்கு வந்தபோது போய் எண்ணிவிட்டு வந்தேன். பதினெட்டு. எங்கள் படிகளைவிட ஒவ்வொன்றும் உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. இதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பதினாலு படிகள் ஏறி இறங்கி, திரும்பவும் அடியிலிருந்து நாலு படி ஏறினாள்.

ஃபேமிலி ரூமுக்குப் போய்ச் சாப்பிட அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தமாகவும், அதைவிட அதிகமாக நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதி ஏன் என்றால், மறுபடியும் அந்த ஹாலில் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டியதில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இதைப் பற்றி நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனைக்கே போய்விட்டு வந்தோம். சர்ச்சுக்குக் கட்டிய புடவையை அவள் மாற்றவில்லை. கைத்தடியை வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். ஓட்டல் வாசலுக்குப் போனபோது என் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. மூடியின் மேல் தணல் சிவப்பாக இருந்தது.

சர்வர் தடியில்லாமல் வந்தவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "மாஷா அல்லா! கால் சரியாய்ட்ச்சா? வாங்கம்மா வாங்க. ஃபேமிலி..." கை தானாகப் படிக்கட்டுப் பக்கம் போனது.

"தோ, ஏர்றேன் பாய்" என்றாள் அம்மா.

ஏறினாள். நான் இரண்டு படி பின்னால். ஒன்பதாவது படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். கீழே கல்லாவில் முதலாளி எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சர்வர் எங்களைத் தாண்டி முன்னால் ஓடி ஏசியைப் போட்டார்.

மேலே யாரும் இல்லை. ஆறு தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் மரூன் நிறத் திரை. சுவரில் பிளாஸ்டிக் கொடி. கை கழுவத் தனி பேசின், சோப்பு, கண்ணாடி. அம்மா ஒரு ரெக்சின் இருக்கையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"தையல் நல்லா போட்டிருக்கான்" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "ஜன்னல் இல்லியா? அடுப்பு தெரியாதா?"

"அடுப்பு கீழ இல்ல இருக்குது? நாங்க பக்கெட்ல அள்ளினு வந்துடுவோம்மா."

"வர்றதுக்குள்ள எத்தினி நேரமாவும்?"

"ரெண்டே நிமிஷம்."

"நல்லா இருக்குது பாய். சுத்தமா வெச்சிருக்கீங்க. பார்த்துட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் படிக்கட்டுக்குத் திரும்பினாள். சர்வருக்குப் புரியவில்லை. எனக்கும் புரிய இரண்டு வினாடி ஆனது. அதற்குள் அவள் வலது காலை முதல் படியில் வைத்துவிட்டாள்.

இறங்கினாள். சுவரில் உள்ளங்கை. ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களும் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. ஹாலில் ஏழு மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் அவள் இறங்குவதைப் பார்த்தார்கள். கடைசிப் படியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அங்கே ஒரு கணம் யோசித்து, கல்லாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் கால் வைத்தாள். நேராக அடுப்புக்குப் பக்கத்து முதல் மேசைக்குப் போனாள். அங்கே இரண்டு பேர் எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலி. ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலாளி வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அம்மா, மேல ஏசி போட்டாச்சே."

"முட்டிக்காகக் கேக்கல பாய்" என்றாள் அம்மா. "முட்டி நல்லாய்ட்ச்சி. நீங்களே பார்த்தீங்க, ஏறி எறங்கினேன். எனக்கு இங்க உக்காந்து சாப்டணும். உக்காரலாமா, கூடாதா? கூடாதுன்னா சொல்லுங்க, எழுந்து போய்ட்றேன். பார்சல் மட்டும் குடுக்காதீங்க."

எனக்குள் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, அதை விழுங்கிக்கொண்டேன். முதலாளி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். யாராவது எழுந்து போகிறார்களா என்று பார்த்தாரோ என்னவோ. யாரும் எழவில்லை. ஒருவர் சீக்கிரம் இலை போடச் சொல்லிக் கூப்பிட்டார். எதிரே இருந்தவர்களில் ஒருவர் மேசைமேல் வைத்திருந்த தன் ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

முதலாளி சர்வரிடம் திரும்பி, "தண்ணி வை" என்றார். பிறகு கல்லாவுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். அதற்கு, காரில் அவள் கேட்ட நாளிலிருந்து ஐந்து மாதம் ஆனது.

ஹெல்மெட்காரருடைய விரல் நகங்களின் ஓரத்தில் நீலம் ஏறியிருந்தது. பதனிடும் தொழிற்சாலையில் ஈரத்தோல் தூக்குகிறவர்களுக்கு அப்படி இருக்கும். அவர், "எந்தக் கம்பெனிம்மா நீங்க?" என்று கேட்டார். கம்பெனி ஆள் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அம்மா சொன்னாள்.

"எந்த செக்சன்?"

"ஸ்டிட்சிங். ரிட்டையர் ஆய்ட்டேன்."

"எங்க வீட்லயும் ஸ்டிட்சிங்தான்."

"அவங்களக் கூட்டினு வரலியா?"

"பார்சல் வாங்கினு போறேன்மா."

"ஆறிப்பூடும்" என்றாள் அம்மா. பக்கத்தில் இருந்த அவருடைய தோஸ்த் சிரித்து, முழங்கையால் அவரை இடித்தார்.

பதினொன்று நாற்பத்தேழுக்குத் தம் உடைத்தார்கள். தகரத்தால் தணலை வழிக்கும் சத்தம் கேட்டதும் அம்மா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். பிரியாணி மாஸ்டரும் இன்னொருவரும் மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கினார்கள். ஆவி முதலில் எங்கள் மேசைக்குத்தான் வந்தது. என் கண்ணாடியில் படிந்து சிறிது நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது மாஸ்டர் ஒரு தட்டால் சோற்றை ஓரத்திலிருந்து சரித்து அள்ளிக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது மெஷினில் இன்னொருத்தி தைப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

வாழையிலையில் சீரகச் சம்பாச் சோறு, இரண்டு பீஸ், கத்திரிக்காய், வெங்காயத் தயிர். அவள் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். நாலு வினாடிக்கு மேல் இல்லை. முதல் கவளத்தில் விரல் சுட்டு, உதறி, திரும்பவும் எடுத்தாள். மூன்று கவளம் சாப்பிட்டாள். நான்காவதுக்குப் பிறகு நிமிர்ந்து, இரண்டு அடி தள்ளி நின்ற மாஸ்டரைப் பார்த்தாள்.

"பாய், உப்பு கம்மியா இருக்குதே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாஸ்டர் கோபிக்கவில்லை. "மொதல் ப்ளேட்டு அப்டித்தாம்மா இருக்கும்" என்றார், அள்ளுவதை நிறுத்தாமல். "மேல் சோறு இல்ல? உப்பு, மசாலா எல்லாம் அடியில நிக்குது. பன்னெண்டரைக்குத் தேக்சா பாதி எறங்கும் பாருங்க, அப்ப சாப்டா கரெக்டா இருக்கும்."

"அப்ப இத்தினி பேரு முன்னாடியே வந்து குந்தினு இருக்கறது?"

"சூட்டுக்கு" என்றார் ஹெல்மெட்காரர், வாய் நிறையச் சோற்றோடு.

அம்மா அதை யோசித்துக்கொண்டே மிச்சத்தைச் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை விடவில்லை. எழுந்து, ஹாலின் நடுவே நடந்து, எல்லோரும் கை கழுவுகிற இடத்தில் வரிசையில் நின்று கை கழுவினாள். பச்சைத் துணி மறைப்பு அங்கே சுவரோரம் மடித்துச் சாய்த்து வைத்திருந்தது.

அந்தச் சுவர் எழுத்து இப்போதும் இருக்கிறது. போன மாதம் அம்புக்குறிக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள். வேறு பெண்கள் வந்தால் சர்வர் இப்போதும் "ஃபேமிலி மேல" என்றுதான் சொல்கிறார், அவர்களும் போகிறார்கள். ஹாலில் அம்மாவையும் என்னையும் தவிர வேறு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் பார்க்காத நாட்களில் யாராவது உட்கார்ந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு அம்மா போகிறாள். மாஸ்டர் சொன்னபடி ப்ளேட் வாங்குவது பன்னிரண்டரைக்கு. ஆனால் மூடி திறப்பதையும் விட முடியாது. அதனால் பதினொன்றரைக்கே போய் முதல் மேசையில் உட்கார்ந்துவிடுகிறாள். கூட்டம் நெருக்கும்போது சர்வர் இரண்டு தடவை வந்து, "அம்மா, இலை போட்டுடட்டா? ஆளு நிக்குது" என்று கேட்பார்.

"இன்னும் அடி வரல பாய்" என்று சொல்லிவிட்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.